நான் அழித்த ஒரு வரி

ஒரே ஒரு வரிதான். திரையின் இடது ஓரத்தில் # என்ற குறியோடு தொடங்கும். அந்தக் குறி போட்ட வரியை இயந்திரம் படிக்காது, தாண்டிப் போய்விடும். மனிதர்கள் படிப்பதற்காக மனிதர்கள் எழுதிவைப்பது அது, கமென்ட் என்பார்கள். d எழுத்தை இரண்டு தடவை தட்டினால் வரி காணாமல் போய்விடும். தட்டினேன், போய்விட்டது. ஆறு வருஷம் ஆகிறது. என் இடது கை நடுவிரலைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன வாரம் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. மேனேஜர் ஓய்வு பெறுகிறாராம், விழா மலர் போடுகிறார்களாம். சாரோடு பழகிய இனிய நினைவுகளை நாலு வரியில் எழுதித் தாருங்கள் என்று கைகூப்பும் படங்களோடு கேட்டிருந்தார்கள். இனிய நினைவாம்! நல்லாயிருக்கிறது கதை. சரி, கேட்டுவிட்டார்கள், சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் உப்பளங்களைத் தாண்டி ஹார்பர் ரோட்டில் எங்கள் கன்டெய்னர் கிடங்கு இருந்தது. லாரி உள்ளே வரவும் வெளியே போகவும் சீட்டு அடித்துக் கொடுக்கிற சர்வரை இரண்டு பேர் பார்த்துக்கொண்டோம், நானும் அக்காவும். கூடப் பிறந்த அக்கா இல்லை. நாசரேத்துக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் அக்கா. சர்வரின் செட்டிங்ஸ் ஃபைலில் எந்த எண்ணை மாற்றினாலும், யார் சொன்னார்கள், ஏன் மாற்றினேன் என்று # போட்டு மேலே ஒரு வரி எழுதிவிடுவார். ஆங்கில எழுத்தில் தமிழ். மழையில் அறை ஒழுகியது, ஏசி நின்றுபோனது எல்லாம்கூட அதில் இருக்கும். "இது செட்டிங்ஸ் ஃபைலாக்கா, ஒங்க டைரியா?" என்று கிண்டல் செய்வேன். "சிரிளா, நல்லாச் சிரி. நாளைக்கு ஒருத்தன் வந்து ஏன் மாத்துனேன்னு கேட்டா, நீயா வந்து எனக்காவச் சொல்லப் போற?" என்பார். அப்போது அதற்கும் சிரித்தேன்.

மேனேஜர் இதற்கு நேர் எதிர். எதையும் எழுத்தில் தரமாட்டார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே உத்தரவு போடுவார். மெயில் அனுப்புங்கள் சார் என்று கேட்டால், "மெயில்லாம் எதுக்கும்மா? நாம ஒரே குடும்பம்லா. பாத்துப் பண்ணுங்க" என்பார். இந்தப் 'பாத்துப் பண்ணுங்க' இருக்கிறதே, அதைக் கேட்டாலே இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லபடியாக முடிந்தால் அவர் சொன்னது. கெட்டுப்போனால் நாம் பார்க்காமல் பண்ணியது.

அந்த வருஷம் லாரிகள் கூடிப்போயின. சீட்டு அடிக்க நேரமானது. மென்பொருளை விற்ற கம்பெனி தன் கையேட்டில் ஒரு வரம்பு போட்டிருந்தது. மெஷினின் நினைவகத்தில் இத்தனை பங்கைத்தான் தரவுகளுக்கென்று ஒதுக்கலாம், அதற்கு மேல் போகாதே, மெஷினை உள்ளிருந்து ஓட்டுகிற கெர்னலுக்கும் மற்ற வேலைகளுக்கும் மிச்சம் வேண்டும், போதவில்லை என்றால் இன்னொரு மெஷின் வை என்று பச்சையாகச் சொல்லியிருந்தது. மேனேஜரோ இருக்கிற மெஷினை வைத்தே சமாளித்துவிடுவேன் என்று தலைமை அலுவலகத்தில் பெருமையடித்துவிட்டு வந்திருந்தார். "அந்த நம்பரக் கூட்டுனா ஓடும்லா?" என்றார். "ஓடும் சார். ஆனா மெஷினுக்கு மூச்சுவிட எடம் இருக்காது. கூட்டமான அன்னைக்கு விழுந்துரும், வேண்டாம்" என்றார் அக்கா. மேனேஜர் மறுநாளும் கேட்டார், மறுநாளும் அக்கா அதையேதான் சொன்னார். மூன்றாம் நாள் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "கம்பெனிக்காரன் பயந்துக்கிட்டுக் கொறச்சுத்தாம்மா போடுவான். நீங்க கூட்டுங்க, நான் இருக்கேன்லா" என்றார். அக்கா எண்ணைக் கூட்டினார். அதற்கு மேலே அந்த வரியையும் எழுதினார்.

ஒரு மாதம் பறந்தது. சீட்டு சடசடவென்று விழுந்தது. ஆண்டு விழாவில் மேனேஜருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அக்கா பேரை அவர் மறந்தும் சொல்லவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், கப்பல் காத்திருக்கும்போது, எல்லா லாரியும் ஒன்றாக வந்து நின்றன. நினைவகம் தீர்ந்துபோனால் கெர்னல் தான் பிழைப்பதற்காக ஓடுகிற வேலைகளில் ஒன்றைக் கொன்றுவிடும். அன்றைக்கு அது கொன்றது சீட்டு அடிக்கிற வேலையை. கெர்னலை நான் குறை சொல்லமாட்டேன், அதை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். மனுஷனை யார் அப்படி எழுதினார்கள்? வெயிலில் உப்பளம்வரைக்கும் லாரி நின்றது. "ஏலே, கேட்டத் தொறப்பியா மாட்டியா? உள்ள எறாலு கெடக்கு!" என்று டிரைவர் அண்ணாச்சி ஒருவர் கத்தியது மாடிவரை கேட்டது. இறால் ஏற்றிய கன்டெய்னர்களை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது.

சென்னையிலிருந்து விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். மாற்றியது யார் என்று பார்த்தால் அக்காவின் லாகின். மேனேஜர் சொல்லித்தான் செய்தேன், ஃபைலிலேயே எழுதியிருக்கிறேன் என்றார் அக்கா. "கம்பெனி வேண்டாங்கறத நான் செய்யச் சொல்லுவேனா?" என்று மேனேஜர் கொஞ்சமும் கூசாமல் கேட்டார். அக்காவின் பாஸ்வேர்டை அதற்குள் முடக்கிவிட்டார்கள். ஃபைலை அச்செடுத்து வரச் சொன்னது என்னை. நான் உட்கார்ந்ததும் மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "கமென்ட் வரியெல்லாம் எதுக்கும்மா, கிளீனா ஒரு பிரின்ட் குடு. ஒன் கான்ட்ராக்டப் புதுப்பிக்கிற பேப்பர் என் மேசையிலதான் இருக்கு. பாத்துப் பண்ணு."

நான் பார்த்துத்தான் பண்ணினேன். மூன்று நாள் விசாரணையிலும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். போன் பேசியபோது பக்கத்தில் இருந்தாயா என்று கேட்டார்கள். ஞாபகமில்லை என்றேன். நாலாம் நாள் அக்கா தன் டிபன் பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அதன்பின் ஹார்பரில் எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. என் கான்ட்ராக்டில் கையெழுத்து விழுந்தது. த்தூ!

வாட்ஸ்அப் செய்தி வந்த மறுநாள் எங்கள் ஊரான ஏரலுக்குப் போயிருந்தேன். அம்மாவின் ஆதாரை நகலெடுக்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக வந்திருந்த ஜெராக்ஸ் கடையில் நுழைந்தால், மெஷினுக்குப் பின்னால் அக்கா. ஆதாரை நீட்டினேன். அவர் வாங்கி நகலெடுத்தார். பிறகு இழுப்பறையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"இதயும் ஒரு காப்பி எடுத்துத் தரட்டுமா?"

அந்த ஃபைல். அந்த வரி. சர்வர் விழுந்த அன்றைக்கே, பாஸ்வேர்டைப் பிடுங்குவதற்கு முன்னால், அச்செடுத்து வைத்திருக்கிறார்.

"அப்ப ஏங்க்கா காட்டல?"

"காட்டுனா நீ அழிச்சது வெளிய வந்துரும்லா. ஒன் வேலயும் போயிருக்கும். நீயாச் சொல்லுவேன்னு மூணு நாளும் ஒன் மொகத்தயே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்த."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த ஆள் காத்திருக்கிறார், தள்ளி நில் என்றார். வாசலில் நின்று கேட்டேன், இந்த வரியை மலருக்கு அனுப்பட்டுமா என்று. "அனுப்பு. ஒன் பேரப் போட்டு அனுப்பு" என்றார் நிமிராமலே.

அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் குழுவின் அட்மின் அதை நீக்கிவிட்டார். ஆறு வருஷத்தில் அந்த வரி இரண்டாம் தடவையாக அழிகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலு வரி கேட்டார்கள், என்னிடம் இருப்பது இரண்டு.

# மேனேஜர் போனில் சொல்லி மாற்றியது. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன், கேட்கவில்லை.

# மேலே உள்ள வரியை அழித்தது நான்.