தீவுகளைச் சுற்றி வளைந்த கோடு

எங்கள் வீட்டுக்கு உலக உருண்டை வந்தது எழுபதுகளின் கடைசியில். விக்கிரமங்கலத்தில் இருந்தோம். அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினார். வடக்கே மாற்றலாகிப் போன ஓர் ஆபீசரின் சாமான்களை ரயிலடிக்குக் கொண்டுபோனது அவர்தான். தாங்கி உடைந்திருந்த உருண்டையை அவர்கள் மூட்டை கட்டவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று ஆபீசர் வீட்டம்மா சொல்ல, அப்பா சாக்கில் சுற்றி எடுத்துவந்தார்.

வைத்த இடத்தில் நிற்காமல் உருண்டு ஓடியதைச் சும்மாட்டின்மேல் உட்காரவைத்தவள் அக்கா. தண்ணீர்க்குடம் சுமக்க வைத்திருந்த அந்தச் சும்மாடு அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. பழைய புடவையைக் கிழித்து வேறு சுற்றிக்கொண்டாள்.

உருண்டை எனக்காக வந்ததுதான். நான் ஐந்தாவது படித்தேன். அக்கா எட்டாவது முடித்த கோடையில் ஆளாகிவிட்டாள். ஒன்பதாவதுக்கு அரியலூருக்கு பஸ்ஸில் போகவேண்டும். எங்கள் தெருவிலிருந்து எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை, அவளையும் அனுப்பவில்லை. சமையலும் கடலைக்காட்டு வேலையுமாக ஒரு வருஷம் ஓடியிருந்தது. அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. என் புத்தகப் பையை மட்டும் தொடவே மாட்டாள்.

உருண்டையைத் தொட்டாள். பெரிய நாடுகளை விட்டுவிட்டாள்; அவற்றை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாமாம். நீலத்தில் கடுகு சிந்தின மாதிரிக் கிடந்த தீவுகள்தான் அவளுக்கு வேண்டும். பெயர்களெல்லாம் பொடிப்பொடியான இங்கிலீஷ் எழுத்து. வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டுவாள். டோங்கா, சமோவா, ஃபிஜி. மொரீஷியஸ் எங்கள் வாயில் நுழைவதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. சில பெயர்களைத் தப்பாகத்தான் படித்திருப்போம். எங்களுக்கு அதுதான் பெயர்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடலை உடைத்துக்கொண்டே பார்த்தவள் ஒருநாள், இவ்வளவு தண்ணிக்கு நடுவில் இருப்பவர்கள் குடிக்க என்ன செய்வார்கள் என்று கேட்டாள். அக்காவுக்குத் தெரியவில்லை. மழைத் தண்ணீரைப் பிடித்துவைப்பார்களாக இருக்கும், இளநீர் இருக்கும் என்றாள். நம்மைப் போலத்தான் என்று அம்மா சொல்லிவிட்டு மறுபடி உடைக்க ஆரம்பித்தாள்.

ஃபிஜிக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போயிற்று. மற்றக் கோடுகள் ஒழுங்காக ஓட, அது மட்டும் அந்தத் தீவுகளின் கிட்டே வந்ததும் ஒதுங்கி வளைந்து, கீழே போய்த்தான் நேரானது. அக்காவுக்கு அது பிடிபடவில்லை. அச்சடித்தவன் கை தவறிவிட்டது என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் வாத்தியாரைக் கேட்டு வா என்றாள்.

வாத்தியார் கேட்டதும் சந்தோஷப்பட்டார். அது தேதிக்கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் இன்றைக்கு என்றால் அந்தப் பக்கம் நேற்று என்றார். ஏன் வளைகிறது என்பதை நாளைக்குச் சொல்கிறேன், அதற்குள் யோசித்து வா என்றார். நான் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அக்கா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உருண்டையைக் கையில் எடுத்தாள். சோறு கொதித்து வழிந்தது. பிறகு சொன்னாள்:

"நேரா போனா தீவுங்களுக்கு நடுவுல பூந்துடும்டீ. ஒரு வூட்டுக்கு ஞாயித்துக்கிழமை, பக்கத்து வூட்டுக்குத் திங்கக்கிழமைன்னு ஆயிடும். அதான் எல்லாரையும் ஒரே பக்கமா வச்சிக்கிட்டுச் சுத்திப் போவுது."

மறுநாள் அதை வகுப்பில் சொன்னேன். யார் சொன்னது என்று வாத்தியார் கேட்டார். எங்கள் அக்கா என்றதும், அவள் எங்கே படிக்கிறாள் என்றார். படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஏன் என்று நான் கேட்டதாக உங்கள் அப்பாவிடம் சொல்லு என்றார்.

அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்படியே ஒப்பித்துவிட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, பஸ்ஸில் தனியாக எப்படி அனுப்புவது என்று மெதுவாகச் சொன்னார். அக்கா அதுவரை அவர் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்டவளில்லை.

"அந்தத் தீவுங்கள்ல இருக்கற பொண்ணுங்க படிக்கணும்னா படகேறித்தானப்பா போவணும். நமக்கு ரோட்டுல பஸ்சு நிக்குது."

அப்பா குழம்புக்குத் தட்டை நகர்த்தினார். குழம்பு ஊற்ற வந்த அம்மாதான், "போவட்டுங்க. வேலையை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஜூன் மாதம் அப்பா லீவு போட்டுவிட்டு அக்காவை அரியலூருக்குக் கூட்டிப்போய் ஒன்பதாவதில் சேர்த்தார். தெருவில் பேசினார்கள்தான். வயசுப்பெண்ணை டவுனுக்கு அனுப்புகிறான் என்று அப்பாவின் காதுபடவே சொன்னார்கள். அப்பா அதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "எம் பொண்ணு படிக்கும்." கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு ஓய்ந்தது. அடுத்த வருஷம் எதிர்வீட்டுப் பெண்ணும் அவளோடு பஸ் ஏறினாள். நான் ஒன்பதாவது போனபோது உட்கார இடம் கிடைக்காத அளவுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் இருந்தோம்.

அக்கா பெரம்பலூரில் பூகோள டீச்சரானாள். வேலையில் சேர்ந்த புதிதில் அவளைப் பார்க்க நானும் அப்பாவும் போனோம். வகுப்பு முடியவில்லை. வராந்தாவில் காத்திருந்தோம். உள்ளே அவள் குரல் கணீரென்று கேட்டது. அந்த வழியாக வந்த பியூன், யாரைப் பார்க்கணும் என்று கேட்டார். என்னை முந்திக்கொண்டு அப்பா எழுந்து நின்று, "உள்ள பாடம் நடத்துற டீச்சர் எம் பொண்ணுங்க" என்றார்.