ஆறாவது வாளில் ஒட்டிய ஸ்டிக்கர்

எங்கள் பட்டறையில் ஒரு விதி உண்டு. வாளுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்தான், அந்த வாளை முதன்முதலாக முழுப் பலத்தோடு வீசும்போது எதிரே நிற்க வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இப்படி ஒரு விதி இருக்காது. இருந்தால் எழுதியவனைப் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள். ஒருமுறை சோதனையின்போது வாளின் வெட்டும் பாகமான அலகு கைப்பிடியை விட்டுக் கழன்று பறந்து, தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் இல்லை. மறுநாள் காலையில் முதலாளி தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, "ஓகே சொல்றவங்க இங்க வந்து நில்லுங்க" என்றார். முதல் வாரம் அவரே நின்றார், பிறகு நான். அதுவரை நாளைக்குப் பத்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவள், நான் நின்ற வாரம் நாலுக்கு இறங்கிவிட்டேன்.

பட்டறை செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. ஐரோப்பாவில் பழைய காலத்துப் போர்வீரர்கள் இரண்டு கையாலும் பிடித்து வீசிய நீள்வாளை, அதே அளவில், அதே எடையில், கூர் மட்டும் இல்லாமல் அங்கே செய்கிறோம். அந்த வாள்வீச்சை இன்றைக்கும் விளையாட்டாகப் பழகுகிற சங்கங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன, அவர்கள்தான் வாங்குகிறார்கள். கல்யாண வீடுகளில் "இன்னா வேலை பண்றே?" என்று கேட்பவர்களிடம் "கத்தி செக் பண்றேன்" என்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

புதிதாக வாளைத் தூக்குகிறவர்கள் எடையைத்தான் மெச்சுவார்கள். கனமாக இருந்தால் நல்ல வாள் என்று நினைப்பு. கனமாக இருந்தால் அது கடப்பாரை. நாலடி நீள வாள் ஒன்றரைக் கிலோவை ரொம்பத் தாண்டினால் நான் முகத்தைச் சுளிப்பேன். ஒற்றை விரலில் படுக்க வைத்தால், கையைக் காக்கிற குறுக்குக் கம்பியிலிருந்து நாலு விரல் தள்ளி நிலைக்க வேண்டும். இன்னும் தள்ளிப் போனால் முனை கையை இழுக்கும். கிட்டே வந்தால் வெட்டில் பலம் இருக்காது. அலகு கைப்பிடியருகே தடித்து முனை நோக்கி மெலிந்துகொண்டே போக வேண்டும். சோம்பேறி அதை ஒரே தடிமனில் விட்டுவிடுவான். முனையைச் சுவரில் ஊன்றி வளைத்து விட்டால் நேராகத் திரும்ப வேண்டும். கைப்பிடித் தோலின் தையல் உள்ளங்கையை உறுத்தக் கூடாது. இதெல்லாம் முடிந்த பிறகு குமிழைத் தட்டுவேன். எடை சமன் செய்ய கைப்பிடியின் அடியில் மாட்டும் இரும்பு உருண்டைதான் குமிழ். இடது கையால் கைப்பிடியை லேசாகப் பற்றிக்கொண்டு வலது கையால் அதில் ஒரு தட்டு. அலகு அதிரும், ஆனால் கை பற்றிய இடம் அடங்கியே இருக்கும். அங்கே நமநமவென்று வந்தால் உள்ளே ஏதோ சரியில்லை.

உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாது. அலகின் அடிப்பகுதி மெலிந்து கைப்பிடிக்குள் நுழைந்து குமிழைத் துளைத்து வெளியே வரும். அதை வால் என்போம். வால் நுனியைச் சுத்தியலால் அடித்துப் பரப்பி மூடிவிட்டால், பிறகு கைப்பிடியை அறுத்தால்தான் உள்ளே தெரியும். அறுத்த வாள் காயலான் கடைக்குத்தான் போகும். ஆகவே வாங்குகிறவருக்கு இருக்கிற ஒரே உறுதி, குமிழில் ஒட்டிய பச்சை ஸ்டிக்கரும் அதில் நான் போடும் கையெழுத்தும்தான். வாலும் அலகும் ஒரே இரும்பு, நடுவில் வெல்டிங் ஒட்டு கிடையாது என்று நான் சொல்வதாக அர்த்தம். ஒட்டு போட்டவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

கைப்பிடி பொருத்துவது என் கணவர். முன்பு நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் ஒப்பந்த வெல்டராக இருந்தார். உப்புத் தண்ணீர் ஓடும் குழாய்களில் அவர் போட்ட ஒட்டு ஒன்றுகூடக் கசிந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வார், பொய்யும் இல்லை. நானோ டிப்ளமோ முடித்துவிட்டு, லாரிக்கு ஸ்பிரிங் பட்டை செய்யும் கம்பெனியில் ஏழு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவள். அங்கே முதல் நாளே சொல்லித் தந்தது, ஸ்பிரிங் பட்டைமேல் வெல்டிங் பொறிகூடப் படக்கூடாது என்பது. பட்டால் அந்த இடம் மொறமொறப்பாகி, என்றைக்காவது பாரத்தில் படக்கென்று முறியும். வாளுக்கும் அதே இரும்புதான். பட்டறையில் நாங்கள் இருவரும் முன்பின் தெரியாதவர்கள் போலப் பேசிக்கொள்வோம். அவர் வேலையில் மூன்று வாளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். மூன்று முறையும் வீட்டில் ரசம் நன்றாக இல்லை என்று சொன்னார்.

போன மாசியில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வந்தார். அவர் ஊரில் வாள்வீச்சு கற்றுத் தருகிறவர், ஐம்பதைத் தாண்டிய வயது, கட்டையான உறுதியான கைகள். தன் மாணவர்கள் எல்லோருக்கும் எங்களிடம் வாங்கலாமா என்று பார்க்க ஆறு வாள்கள் கேட்டிருந்தார். மாமல்லபுரத்தில் தங்கியிருந்ததால், வெட்டவெளியில் வீசிப் பார்க்க வேண்டும், விடுதிக்குப் பின்னால் உள்ள சவுக்குத் தோப்புக்கே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தைய நாள் மதியம், டிபன் பாக்ஸைத் திறந்தபடியே என் கணவர் கேட்டார்.

"ஏம்மே, ஸ்பிரிங் பட்டைல ஆர்கன் வெல்டிங் அடிச்சா தாங்குமா?"

"அடிச்சவன் கைய ஒடைக்கணும்."

"கடல் தண்ணி பைப்பே தாங்குது."

"பைப்பு வளையாது. இது வளையும். ஒட்டு நல்லாத்தான் இருக்கும், பக்கத்துல ஒடஞ்சிடும்."

"பெரிய இஞ்சினியரு" என்று சிரித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அரட்டை என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் தோப்பில் இருந்தோம். சோதனைக்கு வைத்திருக்கும் பழைய லாரி டயரை ஒரு சவுக்கு மரத்தில் கட்டினார் என் கணவர். ஐந்து வெட்டு அந்த டயரில் விழ வேண்டும். வெட்டு போகிற திசையில் எட்டடி தள்ளி நான் நிற்க வேண்டும். இந்த விதியைக் கேட்டதும் அந்தப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

முதல் ஐந்து வாள்களும் பட்டறையிலேயே நான் அலசிப் பார்த்தவை. ஒவ்வொன்றையும் அந்தப் பெண்மணி முன்னால் மறுபடி விரலில் நிறுத்தி, வளைத்து, தட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, போய் நின்றேன். என் கணவர் வீசினார். டயர் அதிர்ந்தது, வாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்மணியும் ஒவ்வொன்றாக வாங்கி வீசிப் பார்த்து, குறுக்குக் கம்பிக்கும் அலகுக்கும் நடுவே நகத்தை விட்டுப் பார்த்து, நகம் நுழையவில்லை என்று சிரித்தார். முதலாளி முகத்தில் ஆர்டர் கிடைத்துவிட்ட களை வந்துவிட்டது.

ஆறாவது வாள் மட்டும் கடைசி நேரத்தில் கைப்பிடி பொருத்தி நேராக வண்டியில் ஏறியது. முழு வாளாக அதை நான் கையில் எடுத்தது அங்கேதான். ஆறில் அதுவே அழகு. விரலில் அசையாமல் நின்றது. வளைத்து விட்டதும் நூல் பிடித்த மாதிரி நேரானது. மனதுக்குள் என் கணவரைப் பாராட்டிக்கொண்டே குமிழைத் தட்டினேன்.

உள்ளங்கையில் நமநமத்தது.

மறுபடி தட்டினேன். சந்தேகமே இல்லை. நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள் மதியப் பேச்சு முழுக்க நினைவுக்கு வந்தது. வாளைத் துடைக்கிற சாக்கில் அவர் பக்கம் போனேன்.

"ஒட்டு போட்டுகீறியா?"

"தாங்கும்."

"போட்டியா இல்லியா, அத்தச் சொல்லு."

"நுனிய அடிக்கறப்போ வாலு விண்டுகிச்சு. வேற அலகு இல்ல. சாரு அவசரம் அவசரம்னு குதிச்சிகினு இருந்தாரு. நா இன்னா பண்றது? என் வெல்டிங் மேல எனக்கு நம்பிக்க கீது. நீ ஒட்டு, பேஜாரு பண்ணாத."

"இன்னாம்மா, ஆச்சா?" என்று முதலாளி குரல் கொடுத்தார். "அம்மா பாத்துகினு கீறாங்க."

சிவப்பு ஸ்டிக்கர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒட்டினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அங்கேயே என் கணவர் வேலை போய்விடும், அதுவும் ஒரு வெளியாள் முன்னால், என் வாயால். இதெல்லாம் யோசித்தேன்தான். ஆனால் என்னை நகர்த்தியது அந்த யோசனை கிடையாது. என் ஏழு வருட அனுபவத்தைச் சிரித்துத் தள்ளிவிட்டு, இப்போதும் 'நீ ஒட்டு' என்று சொல்கிற அந்த வாயைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாங்கும் என்கிறாயா, சரி, அதை என் முகத்துக்கு நேரே அடித்துக் காட்டு. பச்சையை எடுத்து, கையெழுத்துப் போட்டு, குமிழில் அழுத்தி ஒட்டி, வாளை அவர் கையில் திணித்தேன். அதற்குத் தைரியம் என்று பெயர் வைக்க மாட்டேன், சுத்த வீம்பு.

மணலில் வழுக்குகிறதென்று செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன். முதல் வெட்டு பட்டும் படாமலும் விழுந்தது. அந்தப் பெண்மணி புருவத்தை நெரித்து ஏதோ சொன்னார். "பலமா அடிப்பா" என்றார் முதலாளி. இரண்டாவது வெட்டில் டயர் ஆடியது. வாள் தாங்கியது. என் கணவர் நெற்றி வியர்வை எனக்கு எட்டடி தூரத்திலும் தெரிந்தது. செங்கல்பட்டில் பள்ளிக்கூடத்தில் இருக்கும் என் பெண்ணுக்குக் காலையில் தண்ணீர் பாட்டில் வைத்தேனா என்று நினைத்துப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நகர்ந்துவிடலாம், ஒரு வார்த்தை போதும் என்று உள்ளே ஒரு குரல் கத்திக்கொண்டே இருந்தது. கால் நகரவில்லை.

மூன்றாவது வெட்டுக்கு வாளைத் தலைக்குமேல் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"தள்ளிப் போ மே."

"இன்னாத்துக்கு? தாங்கும்னியே."

"தாங்கும்."

"அப்ப அடி."

அவர் உதடு கோணியது. "எதிர்ல நீ கீறியே" என்றார். வாளை மெதுவாக இறக்கி முனையை மணலில் ஊன்றிவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார். "சார், வாலு விண்டுகிச்சு, நாந்தான் ஒட்டு போட்டேன். இதுக்குத் தெரியாது."

இதுக்குத் தெரியாது என்று எனக்காக ஒரு பொய்யும் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை.

முதலாளி அதை ஆங்கிலத்தில் தடுமாறிச் சொன்னார். அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. எல்லோரும் விலகுங்கள், அடித்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். நான் அவர் பின்னால் போய் நின்றேன். என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு அடித்தார். ஒரு வெட்டு தாங்கியது. அடுத்த வெட்டில் காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. அலகு டயரின் மேலே எழும்பிப் பறந்து மணலில் விழுந்தது. நான் முன்பு நின்ற இடத்தில் என் செருப்பு அப்படியே கிடந்தது. அலகு அதைத் தாண்டி ஒரு முழத்தில் கிடந்தது. என் கணவர் வெறும் கைப்பிடியைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அந்தப் பெண்மணி கைப்பிடியை வாங்கினார். முறிந்த வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என் கணவர் போட்ட ஒட்டு அப்படியே இருந்தது. அதை ஒட்டினாற்போல் பக்கத்தில்தான் முறிந்திருந்தது. பிறகு அந்தப் பெண்மணி கைப்பிடியைக் கவிழ்த்துக் குமிழைப் பார்த்தார். பச்சை ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, என்னிடம் நேராகவே கேட்டார். நீ தட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். இரண்டு முறை தட்டினாய். உனக்குத் தெரிந்ததுதானே?

"தெரியும்" என்றேன்.

மற்ற ஐந்தும்?

மற்ற ஐந்தும் நல்ல வாள்கள், என் பெண்மேல் சத்தியம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு முதலாளியிடம் திரும்பி, ஐந்தையும் அறுத்துக் காட்டுங்கள் என்றார்.

அன்று மதியமே பட்டறையில் அறுத்தோம். வேலை போகும் என்று பயந்த என் கணவரை முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை; தானாக ஒத்துக்கொண்டவன் என்று அந்தப் பெண்மணியும் அவருக்காகப் பேசினார். ஸ்டிக்கர் சுருளை மட்டும் என்னிடமிருந்து வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார் முதலாளி. கட்டிங் மெஷினில் என் கணவர் ஒவ்வொரு கைப்பிடியாக வைத்துப் பிளந்தார். தோல் கருகும் நாற்றம் ஷெட் முழுக்க நிறைந்தது. முதல் வாள் ஒரே இரும்பு. இரண்டாவது ஒரே இரும்பு. மூன்றாவதையும் நாலாவதையும் அந்தப் பெண்மணி கையில் வாங்கி, குனிந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஐந்தாவது பிளந்ததும் என் கணவர் மெஷினை நிறுத்திவிட்டு, இரண்டு பாதியையும் என் பக்கம் நீட்டினார். குறுக்குக் கம்பியிலிருந்து குமிழ்வரை ஒரு கீறல் இல்லாமல் முழு வாலாக இருந்தது. ஐந்தும் நான் கையெழுத்துப் போட்டுச் சொன்னபடியேதான் இருந்தன. பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்த அந்தத் துண்டுகளை நானே கூட்டி அள்ளி, பழைய இரும்புக் கூடையில் போட்டேன்.