கனவு என்று முடித்துவிட்டார்கள்

நான் வசனம் எழுதிய ஒரே தமிழ்த் தொடர் அறிவியல் கதை என்ற பெயரில் வந்தது. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. கடைசி நாளில் கதாநாயகி கட்டிலில் கண் விழித்தாள். பக்கத்தில் அவள் கணவன் காபி டம்ளரோடு நின்றிருந்தான். அதுவரை நடந்தது எல்லாம் கனவு என்று சொல்லிவிட்டார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் மறுநாளே மறந்திருப்பார்கள். என் அக்காவால் மறக்க முடியவில்லை.

அதற்கு முன்பு பல வருடம் நான் டப்பிங் வசனம்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு விண்வெளித் தொடர்களைத் தமிழில் பேச வைப்பது என் வேலை. குடியிருப்பது திருத்தணியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீடு. சென்னை வண்டி இங்கேயே புறப்படுவதால் ஜன்னல் ஓரம் கிடைக்கும். அரக்கோணத்தில் கூட்டம் ஏறி மூச்சு முட்டுவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். மடியில் தாளை வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரன் உதடு மூடுகிற இடத்தில் ஒரு ‘ப’வோ ‘ம’வோ வருகிறாற்போல வார்த்தை தேடுவேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மா என் வாயசைவைப் பார்த்து, நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தது உண்டு.

அந்த வேலையில் எனக்குத் தெரியவந்தது ஒன்றுதான். அத்தனை கிரகங்களுக்கும் கதை கொஞ்சம்தான் இருக்கிறது. ஒரே நாள் திரும்பத் திரும்ப விடியும். கண்ணாடி உலகத்திலிருந்து அதே முகத்தோடு ஒரு கெட்டவன் வருவான். எல்லோருக்கும் நினைவு அழிந்துபோகும். கப்பலின் பெயரை மாற்றி, உடுப்பின் நிறத்தை மாற்றி, மறுபடி அதையே எடுப்பார்கள். எழுதுகிறவனுக்கு வழி தெரியாமல் போனால் ஊரையே அழித்துவிட்டு, கடைசியில் ஒருவனைப் படுக்கையிலிருந்து எழுப்புவார்கள். “அப்பாடா, கனவா?” என்ற வசனம் அந்த உதட்டுக்கு நன்றாகவே பொருந்தும். இரண்டு வெவ்வேறு தொடர்களுக்கு அதே வசனத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு கம்பெனி சொந்தமாகவே ஒரு அறிவியல் தொடர் எடுக்கப்போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டது. கதைக் குழுவுக்கு ஒரு தலைவர் இருந்தார். மரியாதையான ஆள், யாரையும் ‘மேடம், சார்’ என்றுதான் பேசுவார். கதை விவாதத்துக்கு வரும்போது லேப்டாப்பில் வெளிநாட்டு எபிசோடுகளை ஏற்றிக்கொண்டு வருவார். “இதுல மாமியாரை மட்டும் சேர்த்துட்டா நம்ம கதை” என்பார். அப்படித்தான் கண்ணாடி உலகத்து மாமியார் ஒருத்தி வந்தாள். வித்தியாசம் தெரிய அவளுக்குக் கறுப்புப் பொட்டு வைத்தார்கள். கால இயந்திரம் என்பது வெள்ளிப் பெயின்ட் அடித்த ஒரு இரும்பு பீரோ. உள்ளே நீல நிறச் சீரியல் பல்பு.

நான் டப்பிங் செய்த கதைகளாகவே இருக்கின்றன என்று ஒருமுறை சொன்னேன்.

“நீங்க பாத்திருக்கீங்க மேடம். ஆறரை மணிக்கு டி.வி. போடுற அம்மா பாத்திருக்க மாட்டாங்க” என்றார்.

ஆறரை மணிக்கு டி.வி. போடுகிற அம்மாக்களில் என் அக்காவும் ஒருத்தி.

அக்கா பொதட்டூர்பேட்டையில் இருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி. அவள் கணவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். பாவா லுங்கிக் கட்டுகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஆந்திரப் பக்கத்துக் கடைகளுக்குப் போட்டுவிட்டு மாலையில் திரும்பிவிடுவார். இந்தத் தொடர் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, ஒரு நாள் காலை அப்படிப் போனவர் திரும்பவில்லை. கட்டு கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எதிரே டீ குடித்தார், கிளம்பினார் என்று கடைக்காரர் சொன்னார். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சண்டை இல்லை, சீட்டாட்டம் இல்லை, குடி இல்லை. புகார் கொடுத்தோம். திருப்பதி வரைக்கும் பஸ் ஸ்டாண்டுகளில் போட்டோ ஒட்டினோம். அடையாளம் தெரியாத உடல் என்று தகவல் வந்தால் அக்காவோடு நான்தான் போவேன். துணியை விலக்கச் சொல்வாள். பார்ப்பாள். “இல்ல” என்பாள். வெளியே வந்ததும் ஒரு கோலி சோடா கேட்பாள். முழுவதும் குடித்துவிட்டுத்தான் பேசுவாள்.

தொடரிலும் கதாநாயகியின் கணவன் அந்த பீரோவுக்குள் நுழைந்து காணாமல் போனான். காலத்தில் எங்கே போய் விழுந்தான் என்று தெரியாது. அவள் தேட வேண்டும். விவாதத்தில் ஆளாளுக்குச் சொன்ன காட்சிகளில் அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. கணவன் காணாமல் போனவள் அப்படி அழுவதில்லை என்றேன். அவள் போனில் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்வாள் என்றேன். தலைவர் நிமிர்ந்து பார்த்தார். “அந்தப் பகுதியெல்லாம் நீங்களே எழுதுங்க மேடம்” என்றார்.

அவள் பட்டதை வைத்து எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“எழுது. என் கதைன்னு எவகிட்டயும் சொல்லாத. ஆனா எழுதறத சரியா எழுது.”

அதன் பிறகு அவளே போன் செய்வாள். அதுவரை பாவாவைப் பற்றி என்னிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. தொடர் ஒரு சாக்காகக் கிடைத்தது அவளுக்கு.

“அவ பொட்டு வெக்கறாளா?” என்றாள் ஒருநாள்.

“வெக்கறாக்கா.”

“சும்மா வெச்சிடற மாதிரி காட்டாத. கண்ணாடி முன்னாடி நின்னா கை அப்டியே நிக்கும். வெச்சா ஒருத்தி பாப்பா, வெக்கலன்னா ஒருத்தி பாப்பா. அதக் காட்டு.”

இன்னொரு நாள்: “சோறு ரெண்டு பேருக்குதான் வடிக்கறேன். அளவு கொறைச்சா நானே அவர வெளிய அனுப்பிட்ட மாதிரி இருக்குது. மீந்தத காலைல தண்ணி ஊத்தி துன்றேன்.”

அதை அப்படியே எழுதினேன். கதாநாயகி அந்த வசனத்தைப் பேசிய அன்று, அக்கா வீட்டில் தறியை நிறுத்திவிட்டுப் பார்த்த அக்கம்பக்கத்துப் பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லையாம். அக்காவிடம் ஒருத்தியும் எதையும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் போகும்போது அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனாளாம். அதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் வெகு நாளுக்குப் பிறகு ஒரு தெம்பு இருந்தது.

அந்த வாரமே கேட்டாள்: “அந்த ஆளு எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா?”

“யாருக்கா?”

“உன் கதையிலதான்.”

“இன்னும் முடிவு பண்ணலக்கா.”

“யோசிச்சி வை. செத்துட்டான்னு சும்மா சொல்லிட்டுப் போவாத. வந்துட்டான்னும் சொல்லாத. வந்தா இவ்ளோ நாளு எங்க இருந்தேன்னு அவன் சொல்லணும்.”

யோசித்தேன். பல மாதம், ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதையேதான் யோசித்தேன். கடைசியில் ஒன்று பிடிபட்டது. கணவன் வேறொரு காலத்தில், வேறொரு பெயரில், ஒரு சின்ன ஊரில் வாழ்ந்துகொண்டிருக்கிறான். திரும்பி வர வழி இருந்தும் வரவில்லை. இவள் அவனைக் கண்டுபிடித்து, எதிரே உட்கார்ந்து, ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்கிறான். நல்ல பதில் இல்லை, ஆனால் பதில். அவள் அதைக் கேட்டுக்கொண்டு தனியாகத் திரும்பி வருகிறாள். எழுதி முடித்தபோது, இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே யாரிடமிருந்தும் எடுக்காதது இது ஒன்றுதான் என்று தோன்றியது.

அதைப் படிக்கக் கொடுக்கும் முன்பே தொடரை அந்த வாரத்தோடு முடிக்கச் சொல்லிவிட்டார்கள். டி.ஆர்.பி. சரிந்துவிட்டது, அந்த நேரத்தைச் சமையல் போட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். கணவனாக நடித்தவருக்கு வேறு தொடர் கிடைத்து, ஒரு நாள் கால்ஷீட்தான் மிச்சம் இருந்தது.

“கனவுன்னு முடிச்சிடலாம்” என்றார் தலைவர். “ஒரே பெட்ரூம், ஒரே நாள் ஷூட்டிங்.”

“அவ இவ்ளோ நாள் காத்திருந்தது சார்?”

“அதுவும் கனவுதான். வெளிநாட்டுல பெரிய பெரிய சீரியலையே இப்படி முடிச்சிருக்காங்க மேடம்.”

“பார்த்தவங்க காறித் துப்பினாங்க.”

“துப்பறதுக்காவது கடைசி வரைக்கும் பாத்தாங்கல்ல.”

என் முடிவைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். வேறு காலம் என்றால் வேறு செட், வேறு உடுப்பு, முடியாது என்றார். கனவை நான் எழுத மாட்டேன் என்றேன். “பரவால்ல மேடம்” என்றார். ஒரு உதவியாளர் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அதை எழுதி முடித்தார்.

கடைசி எபிசோடு அன்று பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தனியாக அதைப் பார்க்கக் கூடாது என்றிருந்தது. வாசலிலேயே சொன்னேன்: “இன்னிக்கி வர்றத நான் எழுதலக்கா. நீ பாக்காத.”

“இவ்ளோ நாளு பாத்துட்டு கடைசி நாளு பாக்காம இருப்பனா?” என்று சொல்லிவிட்டு டி.வி. முன்னால் பாயை விரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

கதாநாயகி கண் விழித்தாள். “தூக்கத்துல ஏன் இப்படி அழுற?” என்று கணவன் சிரித்தான். அவள் ஓடிப்போய் பீரோவைத் திறந்தாள். உள்ளே மடித்து வைத்த புடவைகள். கறுப்புப் பொட்டு மாமியார் சிவப்புப் பொட்டோடு வந்து, சாமி படத்துக்கு விளக்கு ஏற்றச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பெயர்கள் ஓடின. வசனம் என்ற இடத்தில் என் பெயர்தான் இருந்தது.

“அப்பாடா, நல்லபடியா முடிஞ்சிது” என்று ஒரு பெண் எழுந்து போனாள். மற்றவளும் போனாள்.

அக்கா டி.வி.யை அணைத்தாள். என்னைப் பார்க்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “தெனம் காலைல நானும்தான் எழுந்துக்கறேன்.”

பாயை மூலையில் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

“உன் பேரு வந்திச்சே?”

“அது முன்னாடியே செஞ்சி வெச்ச டைட்டில் கார்டுக்கா. மாத்தல.”

“ஆங்” என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

பஸ்ஸுக்குக் கூடவே நடந்து வந்தாள். வழியில், “நீ இன்னா முடிவு வெச்சிருந்த?” என்று கேட்டாள். சொன்னேன். வேறு பெயரில் வாழ்கிறான், திரும்பி வர மனசில்லாமல் இருந்துவிட்டான் என்று சொல்லும்போது எனக்குப் பயமாக இருந்தது. அவள் நடையை நிறுத்தவில்லை. பஸ் வந்து நின்ற பிறகு சொன்னாள்: “அப்டி இருந்தாலும் பரவால்ல. எங்கியோ சோறு துன்னுகினு இருக்கான்னு ஆவுமில்ல.”

அதோடு முடிந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

சில மாதம் கழித்து அதே கம்பெனி ஒரு பேய்த் தொடரை ஆரம்பித்தது. ஒரு மாலை வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். கணவன் காணாமல் போன ஒரு பெண், கண்ணாடி முன்னால் பொட்டோடு கையை நிறுத்திக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, “சோறு ரெண்டு பேருக்குதான் வடிக்கறேன்” என்று தொடங்கினாள். ஒரு வார்த்தை மாறவில்லை. அவளுக்குப் பின்னால் புகை வந்தது. அந்த இன்னொரு ஆள் சோற்றைப் பேய் வந்து தின்றது.

தலைவருக்குப் போன் செய்தேன்.

“ரொம்ப நல்ல சீன் மேடம், வீணாகக் கூடாதுன்னுதான்” என்றார். குரலில் கொஞ்சமும் தயக்கம் இல்லை. “அந்த சீரியல்ல அதெல்லாம் கனவுதானே? நடக்கவே இல்லைன்னு ஆயிடுச்சு. யாருக்கும் ஞாபகம் இருக்காது.”

“அது எங்க அக்கா பேசினது சார்.”

“எழுதிக் கொடுத்தப்பறம் அது கம்பெனியோடது மேடம்” என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. கையெழுத்துப் போட்டிருந்தேன்.

மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனேன். நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அவளைக் கூப்பிட்டு, “அக்கா, அந்தப் பேய் நாடகத்துல ஒருத்தி உன்ன மாதிரியே பேசறா” என்று காட்டியிருக்கிறாள். அக்கா நின்றுகொண்டே முழுவதையும் பார்த்திருக்கிறாள்.

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். “உடு” என்றாள். “சாப்ட்டுட்டுப் போ.” சோறு போட்டாள். எத்தனை பேருக்கு வடித்திருந்தாள் என்று பாத்திரத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்தக் கம்பெனிக்கு அதன் பிறகு நான் எழுதவில்லை. மறுபடி டப்பிங்தான். அக்கா இப்போதும் போன் செய்கிறாள். நூல் விலை ஏறியதைச் சொல்கிறாள், மழை பெய்ததைச் சொல்கிறாள், என் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். பாவாவைப் பற்றி ஒரு சொல் வருவதில்லை. போன மாதம் நானாகவே தொடங்கிப் பார்த்தேன்: “அக்கா, பாவாவோட…”

“கரன்ட்டு வந்துடுச்சி, தறி ஓட்டணும், வெக்கறேன்” என்றாள். அவள் பின்னால் தறி முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது.