உக்காந்திருக்கியா?

பல் தேய்த்து, தலை வாரி, நாற்காலியில் சாய்ந்த பாட்டி அப்படியே போய்விட்டாள். வயது தொண்ணூற்று மூன்று.

அழுகை கொஞ்சம் அடங்கியபோது மணி ஒன்பது. எல்லாருக்கும் சொல்ல வேண்டும். பாட்டியின் நம்பர் நோட்டில் முதல் பெயர் அவளுடைய தம்பி. எண்பத்தேழு வயது, இரண்டு முறை நெஞ்சுவலி வந்த மனிதர். அம்மா நான்கு முறை போனை எடுத்தாள். நான்கு முறையும் நம்பரை முடிக்காமலே கீழே வைத்துவிட்டாள்.

“என்னால முடியலடி. மாமாவுக்கு ஏதாவது ஆயிட்டா? நீ பேசு.”

“நானா? எப்படிச் சொல்றதுன்னே எனக்குத் தெரியாதும்மா.”

பள்ளிப் படிப்பு முடித்து மூன்று மாதம்கூட ஆகாத பேத்திக்கு அது எங்கே தெரியும்? பாட்டிக்குத்தான் அது முப்பத்திரண்டு வருட வேலை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. ஹெட்போன் அழுத்தி அழுத்தி, இடது காதுக்கு மேலே முடி முளைக்காமல் ஒரு கோடு விழுந்திருந்தது. நோயாளி இறந்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டியது டாக்டர்கள். அவர்களோ அதை இவள் தலையில் கட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். பாட்டி எடுத்த எடுப்பில் போட்டு உடைக்க மாட்டாள். “உக்காந்திருக்கீங்களா?” என்று கேட்பாள். மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அடுத்த வார்த்தை.

அந்தப் பழக்கம் வீடுவரை ஒட்டிக்கொண்டு வந்ததுதான் வம்பு. ஒருநாள் அம்மாவின் ஆபீசுக்குப் போன் செய்து, “உக்காந்திருக்கியாடி?” என்றாள். அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சொல்லும்மா, யாருக்கு என்ன?”

“உன் பொண்ணுக்கு முன்பல்லு விழுந்துடுச்சு.”

“இதுக்கா என் உசிரை வாங்கின?”

“பல்லு போறது உனக்குச் சின்ன விஷயமா?”

இப்போது பேத்தி நம்பரை அழுத்தி, அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“தாத்தா, நான்தான்.”

“என்ன குட்டி காலங்காத்தால? உங்க பாட்டி என்னைத் திட்டச் சொன்னாளா?”

பேத்தி வாயைத் திறந்தாள். அவளை அறியாமலே வந்து விழுந்தது அந்தக் கேள்வி. “தாத்தா, உக்காந்திருக்கீங்களா?”

கேட்ட பிறகுதான் உறைத்தது. அதன் அர்த்தம் தெரிந்த மனிதரிடமே போய்க் கேட்டிருக்கிறாள்! மறுமுனையில் கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம்.

“எந்திரிச்சு நிக்கிறேன். சொல்லு.”

“ஐயோ, உக்காருங்க தாத்தா.”

“அக்கா போயிட்டாளா?”

“ஆமா தாத்தா. கஷ்டமே படல.”

கைத்தடி மறுபடியும் தரையில் தட்டியது.

“மில்லுல கூரை விழுந்துதே, அன்னைக்கு நான் அதே ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓட்டிக்கிட்டிருந்தேன்,” என்றார். “இருபத்தாறு பேரு. பட்டியலை அக்கா கையில குடுத்துட்டாங்க. பக்கத்து வீட்டு போனு, கடை போனுன்னு பிடிச்சு ஒவ்வொரு வீடா கூப்பிட்டா. பதினோராவது பேரு உங்க தாத்தாவோடது.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அந்த விபத்தில் போனது அவளுக்குத் தெரியும். அப்போது அவளுக்கு நாலு வயது. சேதி எப்படி வந்தது என்று யாரும் சொன்னதில்லை.

“நான் அவ ரூம் வாசல்ல நிக்கிறேன். அந்தப் பேரு மேல விரலை வெச்சா. யாரைக் கூப்பிடுறது? எடுக்க வேண்டியவ இவதானே? விரலைக் கீழ நகர்த்தினா. பன்னெண்டாவது வீட்டைக் கூப்பிட்டு, உக்காந்திருக்கீங்களான்னு கேட்டா. குரல்ல ஒரு மாத்தமும் இல்ல. கடைசி வீடு வரைக்கும் நான் நின்னுக்கிட்டேதான் இருந்தேன் குட்டி. இன்னைக்கு அவ சேதியை உக்காந்தா கேப்பேன்?”

போன் வைக்கப்பட்டது.

பேத்தி மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். பதினைந்து வீடு. தன் புருஷன் இல்லை என்று தெரிந்த பிறகு பதினைந்து வீடு. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் உட்காரும்வரை காத்திருந்திருக்கிறாள். நாற்காலியில் சாய்ந்திருந்த அந்தச் சின்ன உருவத்தைப் பேத்தி திரும்பிப் பார்த்தாள்.

அம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

“போனைக் கொண்டா.”

“நானே பேசறேம்மா.”

“நீ நம்பரைப் படி, போதும்.”

பேத்தி இரண்டாவது நம்பரைப் படித்தாள். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.