மலைப்பாம்பைப் பார்க்க வந்தவர்கள்

"பறவை பாக்கறது, புலி பாக்கறதெல்லாம் கேமரா வச்சிருக்கறவங்களுக்கும்மா. உங்கப்பாவுக்கு எதுக்கு அது? வழக்கம்போல கன்னியாகுமரின்னு எழுதிக் குடு."

அப்பா பியூனாக இருந்த அலுவலகத்தின் தமிழ் அதிகாரி ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். எல்.டி.சி. படிவம் வாங்கப் போயிருந்தேன். அரசு ஊழியர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பத்தோடு இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் அரசாங்கச் செலவில் போய்வரலாம். தலைநகரில் எங்கள் கோல் மார்க்கெட் அரசுக் குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கன்னியாகுமரி என்றே எழுதின. சொந்த ஊரைத் தாண்டி ரயில் போகிற கடைசி இடம் அதுதான்.

நான் அப்போதுதான் விலங்கியலில் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேசியப் பூங்காக்களை மாநிலவாரியாக ஒப்பிப்பேன். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. படிவத்தில் 'செல்லும் இடம்' என்பதற்கு நேரே காசிரங்கா என்று எழுத வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவுக்குச் சொந்த ஊரான விழுப்புரம் போக வேண்டும். அப்பா நடுவில் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"அவ்ளோ தூரம் போறதுக்கு மின்ன, பக்கத்துல ஒரு காட்டக் காட்டு. புடிச்சா கையெழுத்துப் போடறேன். புடிக்கலன்னா ஊருதான்."

பக்கத்தில் இருந்தது பரத்பூர் பறவைகள் சரணாலயம். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கிளம்பினோம். அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டாள். அப்பா அலுவலகத்தில் கொடுத்த கருநீலக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கழுத்துவரை பித்தளைப் பொத்தான்கள்.

"அப்பா, இது எதுக்கு?"

"கவர்மென்ட் எடம்னு நீதானம்மா சொன்ன. கவர்மென்ட் எடத்துக்கு லுங்கியிலயா போறது?"

அங்கே சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள்தான் வழிகாட்டிகள். எங்களைக் கூட்டிப்போனவர் பறவைகளின் பெயரை எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னார். பனி விலகாததால் பெயர்கள் மட்டும்தான் கிடைத்தன, பறவைகள் கிடைக்கவில்லை. ஒரு மேட்டுக்கு அருகே இருந்த டீக்கடையில் ரிக்‌ஷாவை நிறுத்தி, வெயில் வந்தால் அந்த மேட்டுப் பொந்திலிருந்து மலைப்பாம்பு வெளியே வரும் என்றார். நானும் அம்மாவும் டீ வாங்கப் போனோம். மேட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் தொடக்கத்தில் ஒரு முக்காலி காலியாகக் கிடந்தது. அப்பா அதில் உட்கார்ந்தார்.

அதுதான் தவறு. இருபத்தாறு வருடமாக ஒரு கதவுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்தவர் அவர்.

கழுத்தில் பைனாகுலரோடு ஒரு வங்காளித் தம்பதி வந்து, கோட்டைப் பார்த்துவிட்டு, பாம்பைப் பார்க்க முடியுமா என்று அப்பாவிடம் இந்தியில் கேட்டார்கள். அப்பா எழுந்து நின்றார். வாயில் பழக்கப்பட்டது வந்துவிட்டது.

"தோடா வெயிட் கீஜியே. சாப் அந்தர் பிஸி ஹைன்."

கொஞ்சம் பொறுங்கள், ஐயா உள்ளே வேலையாக இருக்கிறார் என்று ஒரு மலைப்பாம்பைப் பற்றிச் சொன்னதை அவர்கள் மறுக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஓரமாக நின்றார்கள். அவர்கள் நிற்பதைப் பார்த்து ஒரு கல்லூரிக் கூட்டம் பின்னால் நின்றது. அதன் பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள். நான் டீயோடு வந்தபோது வரிசை டீக்கடையைத் தொட்டிருந்தது.

"நல்லவேள வந்த. சீட்டு எழுதும்மா," என்றார் அப்பா.

"என்ன சீட்டு?"

"பேரு, ஊரு, வந்த காரணம். சீட்டு இல்லாம எப்பிடி உள்ள அனுப்பறது?"

அவருக்கு எழுத வராது. அலுவலகத்தில் பார்வையாளர்களே எழுதிக்கொடுப்பார்கள். பறவைகளைக் குறித்துக்கொள்ள நான் வாங்கியிருந்த புது நோட்டிலிருந்து தாள் கிழித்து, விலங்கியல் பட்டதாரியாகிய நான் பதினெட்டுச் சீட்டு எழுதினேன். வந்த காரணம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: பாம்பைப் பார்க்க. ஒரு மீரட்காரர் மட்டும் 'சொந்த விஷயம்' என்று போடச் சொன்னார். போட்டேன்.

மணி இரண்டாயிற்று. நாலரைக்கு ரயில். அப்பா இன்னும் ஒரு கொக்கைக்கூடப் பார்க்கவில்லை. காசிரங்கா கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"அப்பா, எழுந்திருங்க. ஏரிப் பக்கமாவது போலாம்."

"இத்தினி பேர நிக்க வச்சிட்டு எப்பிடிம்மா எழுந்திரிக்கறது?"

"உங்கள யாருப்பா நிக்க வைக்கச் சொன்னா?"

அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, "அவரு லீவு போட்டாலும் டூட்டி அவர விடாது. நீ போயி விழுப்புரத்துக்கு எழுது," என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அப்போது வெயில் வந்தது. ரிக்‌ஷாக்காரர் மேட்டிலிருந்து கையசைத்தார். பாம்பு வெளியே வந்துவிட்டது.

அப்பா சீட்டுகளை வரிசைப்படி எடுத்து இரண்டிரண்டு பேராக அனுப்பினார். தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. வெள்ளைக்காரர்கள் திரும்பி வரும்போது அவருக்குக் கைகொடுத்தார்கள். மீரட்காரர் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பாம்பு அசையவே இல்லை.

கடைசியாக நாங்கள் மூவரும் போனோம். ஆளுயரத்துக்கு மேல் நீளம், வெயிலில் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு. அதன் அறிவியல் பெயர், உணவு, முட்டையை அடைகாக்கும் விதம் எல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அப்பா சும்மா இரு என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். கிளம்பும்போது இரண்டடி பின்பக்கமாகவே நடந்து, அப்புறம்தான் திரும்பினார்.

ரயில் மதுரா தாண்டியதும் அப்பா சொன்னார்.

"இத்தினி பேரு வந்து பாத்தாங்க. ஒருத்தர்கிட்டகூட மூஞ்சி காட்டல பாரு. இந்த மாதிரி ஒரு ஆபீசருக்குக் கீழ நான் வேல பாத்ததே இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காசி... இன்னாம்மா அது?"

"காசிரங்கா."

"அங்க யாரு?"

"காண்டாமிருகம், அப்பா."

"பெரிய கிரேடா?"

"ரொம்பப் பெரிய கிரேடு."

"எழுதிக்க," என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அஸ்ஸாமில் புளி கிடைக்குமா என்று கேட்டாள்.

மறுநாள் காலை நானே படிவத்தை எடுத்துப்போய் அந்த அதிகாரியின் மேசையில் வைத்தேன். இடத்தின் பெயரை இரண்டு முறை படித்தார். அங்கே யாரைத் தெரியும் என்று கேட்டார். இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டும் சார் என்றேன். அங்கிருந்து நேராகத் தபால் நிலையத்துக்குப் போய், அஸ்ஸாம் வனவிடுதிக்கு மூன்று பேருக்கு இடம் கேட்டுக் கடிதம் போட்டேன். அனுப்புநர் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று எழுத மறக்கவில்லை.