ஊக்கு ஒட்டிய தகடு

ராஜபாளையம் பட்டறையில் நான் வைத்த வெல்டிங் இரண்டு முறை விட்டுப்போனது. சுடர் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. காற்று என்று நினைத்து மறைப்பாகச் சாக்கைக் கட்டினேன். மறுபடியும் விட்டால் வேலை இல்லை என்றார் முதலாளி.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் கண் சிவந்த வெல்டர், சட்டை ஊக்கைக் கழற்றித் தகட்டில் வைத்தார். எந்த இரும்பையும் அப்படிப் பார்த்துத்தான் தொடுவார். ஊக்கு ஒட்டிக்கொண்டது.

“ஏலே, சாக்க அவுத்துப் போடு. காத்தா வளைக்குது? காந்தம்லே. ஓடுற கரண்டத்தான் அது தள்ளும், ஓடாததச் சீண்டாது.”

அந்தக் காந்தத்தை முறிக்க, வெல்டிங் மெஷினின் எர்த் கேபிளைத் தகட்டில் நாலு சுற்று சுற்றினார். சுடர் நேராக நின்றது.

முதுகு வலியில் காந்தக் கொக்கி மாட்டித் தகட்டைத் தூக்கி வந்தவன் நான்தான்; அதிலிருந்துதான் தகட்டில் காந்தம் ஏறியிருந்தது. காந்தம் எப்படி வந்தது என்று முதலாளி விசாரித்தபோது வெல்டர் கொக்கியைப் பார்த்தபடி, “வரும்போதே அப்படித்தான் அண்ணாச்சி” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. எந்த ஊரில் வேலைக்கு நின்றாலும் சட்டையில் ஓர் ஊக்கு வைத்திருக்கிறேன்.