தீயைக் கொண்டுவந்த காற்று

அம்மாளின் பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையேறிப் பேச வராது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். போன ஆடி மாதம் என் வீட்டுக்காரர் மலையில் தீக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். நான் இந்தப் பக்கம் நின்றேன். இனி அவரை உயிரோடு பார்க்கப் போவதில்லை என்றே நினைத்தேன். அன்றைக்கு நான் மாரியம்மாளிடம் என்ன கேட்டேன், அவள் என்ன செய்தாள் என்பதை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

எங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறோம். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக்காரர் பெயர் சிவனு. தேயிலை முடிகிற இடத்தில் எங்களுக்கு ஒரு துண்டு மரக்கறிக் காணி இருக்கிறது. ஐப்பசி மழைக்கு உருளைக்கிழங்கும் முட்டைக்கோவாவும் போடுவோம். சித்திரை மழை ஓய்ந்த பிறகு போஞ்சி. கூடவே ஒரு பசுமாடு. மகன் கொழும்பில் வேலை செய்கிறான். அதனால் காணி வேலை எல்லாம் நானும் அவரும் மருமகள் சுதாவும்தான்.

போஞ்சியைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனியில் விதைத்து, கம்பு நட்டு, கொடியை ஏற்றிவிட்டால் ஆடியில் பூப் பிடிக்கும். அந்த நேரம் பார்த்து ஊவாவில் காற்றும் தொடங்கிவிடும். அந்தப் பக்கம் நுவரெலியாவில் மழை கொட்டும். நமக்கு வருவது வெறும் காற்று. மண்ணில் இருக்கிற ஈரத்தை எல்லாம் அது துடைத்துக்கொண்டு போய்விடும். அந்த நாட்களில் தண்ணீர் விடாவிட்டால் பூ அத்தனையும் உதிரும். பிறகு கம்பைப் பிடுங்கி அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

எங்கள் காணிக்குத் தண்ணீர் மேலே மலையிலிருந்து வருகிறது. அங்கே ஒரு மடிப்பில் கொஞ்சம் காடு இருக்கிறது. காட்டுக்குள் ஊற்று. அங்கிருந்து கறுப்புப் பைப் போட்டு இறக்கியிருக்கிறோம். முள்ளம்பன்றி தண்ணீருக்காகப் பைப்பைக் கடித்துவிடுவதால் வீட்டுக்காரர் அதை மண்ணுக்குள் புதைத்திருக்கிறார். ஊற்றுக்கும் காணிக்கும் நடுவில் இருப்பதெல்லாம் மானாப்புல். ஆடியில் அது ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். அந்தப் புல்லுக்குள்தான் ஒற்றையடிப் பாதை.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் பைப்பில் தண்ணீர் இல்லை. மேலே பைப் வாயில் சருகு அடைத்திருக்கும் என்று அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலே போனார். வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ள என்னுடைய பழைய படங்கைக் கேட்டார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுவேனே, அந்தச் சாக்கு. ஆளுக்கு ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தோம். "பூவெல்லாம் வாடுது, சுருக்கா வாங்க" என்றேன். "தண்ணி வந்தா நான் வந்துக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் போஞ்சிக்கு அடியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் மணம்தான் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் ரோட்டோரப் பக்கமிருந்து புகை. யார் வைத்தார்களோ, எப்படிப் பிடித்ததோ, இன்று வரைக்கும் தெரியாது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் காணிக்கு மேலே இருந்த புல்லில் நெருப்பு ஏறிவிட்டது. மானாப்புல் எரிகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். படபடவென்று வெடித்துக்கொண்டே போகும். அது போன திசையில்தான் என் மனுஷன் இருக்கிறார்.

போன் எடுத்தேன். அந்த மடிப்புக்குள் சிக்னல் கிடையாது என்று தெரிந்தும் எடுத்தேன்.

எனக்கு வந்த பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மாட்டைக் காணிக்குப் பக்கத்தில்தான் கட்டியிருந்தோம். எங்காவது புகையைக் கண்டால் இந்த ஆள் முதலில் மாட்டை அவிழ்க்கத்தான் ஓடிவருவார். நாங்கள் எல்லாருமே அப்படித்தான். மலையில் தீ என்றால் லயத்துக்கும் மாட்டுக்கும் ஓடுவோமே தவிர மேலே ஏற மாட்டோம். அவரும் அந்தப் புல்லுக்குள் ஓடிவந்து தீயில் மாட்டிக்கொள்வாரே என்று பயம். ஆனாலும், தீ இன்னும் பாதையை மூடவில்லை, இப்போதே ஓடிவந்தால் தப்பிவிடலாம் என்று என் புத்திக்குப் பட்டது. கையை வாயில் குவித்துக் கத்தினேன். "ஓடியாங்க! கீழ ஓடியாங்க!" நெருப்பின் இரைச்சலும் காற்றும் என் சத்தத்தை விழுங்கிவிட்டன. அந்தக் காற்றைச் சபித்தேன்.

நானே மேலே ஓடத் தொடங்கினேன். பக்கத்துக் காணிக்காரர் குணபால பின்னால் ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டார்.

"எப்பா அக்கா, எப்பா! போக வேணாம். நீங்க போனா ரெண்டு பேரும் போயிருவீங்க."

"விடுங்க தம்பி! அவரு மேல இருக்காரு!"

"தெரியும் அக்கா. தெரியும்." அவருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் கையை விடவில்லை.

சுதா மாட்டை அவிழ்த்து லயத்துப் பக்கம் விரட்டிவிட்டு ஓடிவந்தாள். நான் போஞ்சிக் கொடிக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான் அம்மாளைக் கும்பிடவில்லை. சண்டை போட்டேன். மண்ணில் கையால் அடித்து அடித்துச் சண்டை போட்டேன்.

"மாரியம்மா, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? நான் உங்கிட்ட நகை நட்டு கேட்டேனா? அவர கீழ எறக்கிவிடு. இப்பவே எறக்கிவிடு. பாதைய தீ மூடுறதுக்குள்ள எறக்கிவிடு!"

திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன். இறக்கிவிடு, இறக்கிவிடு. வேறு வார்த்தை வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீ பாதையை மூடியது. அவர் வரவில்லை. ஒற்றையடிப் பாதை இருந்த இடம் முழுக்கச் சிவப்பாக நின்றது. என் உயிர் அந்த இடத்திலேயே போய்விட்டது போலிருந்தது. அம்மாள் கேட்கவில்லை, கையை விரித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அப்போது சுதா, "மாமி! பைப்பு! பைப்பு!" என்று கத்தினாள்.

காணித் தலைப்பில் கிடந்த பைப் இருமுவது போலக் காற்றைத் துப்பியது. பிறகு சேறு. பிறகு தண்ணீர். சும்மா ஒழுகவில்லை, பீறிட்டுக்கொண்டு வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எரிகிற மலைக்குள்ளிருந்து பச்சைத் தண்ணீர் வருகிறது! தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. அவர் ஊற்று வாயைத் திறந்துவிட்டார், அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று மட்டும் விளங்கியது. 'தண்ணி வந்தா நான் வந்துக்கிட்டு இருக்கேன்' என்று அவர் சொன்னது காதில் கேட்டது. என் பயம் இன்னும் கூடிவிட்டது. எந்தப் பாதையில் வந்துகொண்டிருக்கிறார்?

குணபாலவும் லயத்து ஆட்களும் அந்தத் தண்ணீரில் சாக்கை நனைத்து வேலிப் பக்கம் வந்த தீயை அடித்தார்கள். வேலியோரம் இரண்டு வரிசைப் போஞ்சி கருகியது. மற்றது தப்பியது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீ மேலே மேலே ஏறிக் காட்டு விளிம்பு வரைக்கும் போய், ஈரத்தில் இடித்துக்கொண்டு படுத்துவிட்டது. மலை முழுக்கக் கறுப்பு. புகை. ஆட்கள் என் முகத்தைப் பார்க்காமல் சாக்கைப் பிழிந்துகொண்டு நின்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

வெயில் சாய்கிற நேரம் குணபாலதான் முதலில் கண்டார். கறுத்த மலையில் ஒரு ஆள் இறங்கி வருகிறார். தலையில் படங்கு. சாம்பலில் கால் சுடுகிறதென்று துள்ளித் துள்ளி வருகிறார். எனக்குக் கும்பிடக் கை எழும்பவில்லை. அழக்கூட வரவில்லை. வந்தவர் என் முன்னால் நின்று, "மாடு எங்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சட்டையைப் பிடித்து அடித்துக்கொண்டே அழுதேன்.

பிளேன்டீ கொடுத்து உட்கார வைத்த பிறகுதான் அவர் நடந்ததைச் சொன்னார். ஊற்றில் சருகை வாரிப்போட்டுப் பைப்பைத் திறந்துவிட்டார். அடைப்பைத் திறந்தால் அங்கே இருக்கிற அம்மாள் கல்லில் ஒரு கற்பூரம் காட்டிவிட்டு வருவது எங்கள் வழக்கம். தண்ணீர் அம்மாளுடையது, சொல்லாமல் எடுத்துக்கொண்டு வரக்கூடாது. கற்பூரம் அணைகிற வரைக்கும் முதுகைக் காட்டவும் கூடாது. அவர் இதில் எல்லாம் பெரிய பக்திமான் கிடையாது. திருவிழாவில்கூட வெளியே நின்று வெற்றிலை போடுகிற ஆள். ஆனால் ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்காமல் விடாத பிடிவாதக்காரர்.

"குச்சிய கிழிக்கிறேன், காத்து அணைக்குது. திருப்பிக் கிழிக்கிறேன், திருப்பி அணைக்குது. எனக்குக் கோவம் வந்துருச்சி. இன்னிக்கி நீயா நானான்னு குந்திட்டேன். அந்த வேகத்துல புகை வந்ததுகூடத் தெரியல. பெட்டி காலியாகப் போற நேரத்துலதான் பத்துச்சி. அது எரிஞ்சி முடிஞ்சி, எழும்பி வெளிய வந்து பாக்கிறேன். பாதை பூராவும் நெருப்பு. முதல் குச்சியிலயே பத்தியிருந்தா நான் அந்தப் புல்லு நடுவுலதான் நின்னிருப்பேன்."

பிறகு அவர் திரும்பிக் காட்டுக்குள் போய், ஊற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து, நனைந்த படங்கைத் தலையில் மூடிக்கொண்டாராம்.

அவர் சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது. தீயைப் பார்த்தபோதுகூட இப்படி நடுங்கவில்லை. எந்தக் காற்று அந்த நெருப்பைத் தூக்கிக்கொண்டு வந்ததோ, அதே காற்றுதான் அவர் கையில் இருந்த தீக்குச்சியை ஒவ்வொன்றாக ஊதி அணைத்திருக்கிறது. கீழே நின்று நான் அந்தக் காற்றைச் சபித்துக்கொண்டிருந்தேன். மேலே அது அவரைக் கல்லுக்கு முன்னால் உட்கார வைத்திருந்தது.

சுதா படித்த பிள்ளை. அவள் மெதுவாகக் கேட்டாள்: "மாமி, அது காத்துதானே? ஆடியில எப்பவும் அடிக்கிறதுதானே?"

"ஆமா புள்ள, காத்துதான்" என்றேன். "யாரு காத்து?"

அவள் அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டு நின்றாள்.

காணியின் முதல் போஞ்சியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அன்னதானத்துக்குக் கொடுத்தோம். சாப்பிட்ட எல்லாரிடமும் அவரே இந்தக் கதையைச் சொன்னார். வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றவர் உள்ளே பந்தியில் கறி பரிமாறிக்கொண்டே சொன்னார். அதைப் பார்க்கவே எனக்கு நெஞ்சு நிறைந்தது.

நானும் மாறித்தான் போனேன். முன்பெல்லாம் கோயிலுக்குப் போனால் அம்மாளுக்கு வேலை சொல்லிக்கொடுப்பேன். மகனை இந்த இடத்தில் வேலைக்குச் சேர்த்துவிடு, மழையை இந்தக் கிழமை கொண்டுவா, இப்படிச் செய், அப்படிச் செய் என்று கங்காணி மாதிரி நிற்பேன். இப்போது என் கஷ்டத்தைச் சொல்கிறேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். வாய் மூடிய அந்த நேரத்தில் எனக்கு அவள் முன்னால் நிற்கவே பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. இவ்வளவு பெரியவளையா நான் அன்றைக்கு அப்படித் திட்டினேன்!

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவள் காது கொடுக்கவில்லை என்று மனம் உடைந்து உட்கார்ந்திருக்கலாம். அழுங்கள், சண்டையும் போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் கையை விட்டுவிட்டாள் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவரை இறக்கிவிடு, இறக்கிவிடு என்று நான் கீழே மண்ணில் அடித்துக் கத்திக்கொண்டிருந்தபோது, மேலே அவள் என் மனுஷனை விடாமல் பிடித்து வைத்திருந்தாள்.